ஒரு மூச்சும் ஒரு பேரும்

தஞ்சாவூர், பெரிய ஆஸ்பத்திரி
14-7-1972

அம்சத்துக்கு ரெத்தினம் சொல்லச் சொல்ல எழுதும் கடுதாசி.

நான் சௌக்கியம் என்று முதலில் போடச் சொன்னேன். எழுதுகிற நர்சம்மா போட மாட்டேன் என்கிறது. மதுரம் என்று பேர். "மூக்குல ரப்பர் குழாயை வச்சிக்கிட்டு சௌக்கியமாம். இன்னிக்குத் தேவலைன்னு வேணா போடறேன்" என்றது. ஆகையால், இன்றைக்குத் தேவலை.

கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் உனக்கு நான் அனுப்பும் முதல் கடுதாசி இது. நீ கரையில் நின்று ஒரு சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில்தானே நான் எப்போதும் மண்வெட்டியோடு நின்றிருக்கிறேன். எழுத அவசியமே வந்ததில்லை.

என்னை இங்கே இறக்கிய அன்று நடந்தது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. நம்மை ஏற்றி வந்த நம் தெருச் சாமிதுரை வண்டியைத் திருப்பி நிறுத்தப் போயிருந்தான். சீட்டு எழுதுகிறவர், "ஆள் பேர் என்னம்மா?" என்றார். நீ "காளியம்மா அப்பாங்க" என்றாய். "மக பேரைக் கேக்கலம்மா, இந்த ஆள் பேர்" என்றார். புருஷன் பேரை வாயால் சொல்லாதவள் நீ. முந்தானையைக் கடித்துக்கொண்டு சாமிதுரை வருகிறானா என்று வாசலைப் பார்த்தாய். எனக்கு வாயில் ரத்தம் கலந்த நுரை. இருந்ததோ ஒரே மூச்சு. அந்த ஒரு மூச்சைப் பிடித்து என் பேரை நானே சொன்னேன். அதற்கப்புறம் நடந்ததுதான் நினைவில்லை. கோபித்துக்கொண்டு சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். சிரித்தால் இருமுகிறது.

என் உடம்புக்கு என்ன என்று பெரிய டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். "பெரியவரே, இருதயம் ரத்தத்தை முன்னால தள்ளிக்கிட்டே இருக்கணும். உமக்கு அது களைச்சுப் போச்சு. தள்ள முடியாதது பின்னால தேங்குது. தேங்கின எடத்துலேருந்து தண்ணி கசிஞ்சு, காத்து இருக்க வேண்டிய நுரையீரல்ல இறங்கிடுச்சு" என்றார். நான் சொன்னேன்: "கீழ் மதகு சரியா தூக்கலேன்னா மேவயல்ல தண்ணி ஏறி நிக்கும். அதானேங்க?" அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அதேதான். எங்க படிச்சீர்?" என்றார். குடமுருட்டி வாய்க்காலில் படித்தேன் என்றேன்.

மூன்று மாதமாக நான் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நெல் மூட்டையில் சாய்ந்து தூங்கினேனே, கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லையே, எல்லாம் இந்தத் தண்ணீர்தானாம். நீ என் முதுகில் காதை வைத்து, "நண்டு வளைக்குள்ள தண்ணி போற மாதிரி கேக்குது" என்றாய். டாக்டரும் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு அதையேதான் வேறு மாதிரி சொன்னார். வைத்தியம் இதுதான்: மூக்கில் காற்று. காலைத் தொங்கப்போட்டு உட்கார வைப்பது. கையில் ஓர் ஊசி. ஊசி போட்ட அரை மணியில் மூத்திரம் வருகிறது பார், நான் வாய்க்காலை வெட்டிவிட்ட மாதிரி. அதைக் கோடு போட்ட கண்ணாடிப் புட்டியில் பிடித்து அளக்கிறார்கள். காலையில் என்னை எடை போடுகிறார்கள். ஐம்பத்தெட்டு கிலோ வந்தவன் இன்று ஐம்பத்து நாலு. நாலு கிலோவும் தண்ணீர் என்கிறது நர்சம்மா. இருதயம் நிதானமாக அடிக்கத் தினம் ஒரு மாத்திரை. அதைக் கொடுக்குமுன் கையைப் பிடித்து நாடியை எண்ணுகிறார்கள்.

ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் கட்டியவனுக்கு இங்கே ஒரு நாளைக்கு ஐந்து தம்ளர் தண்ணீர். அதையாவது பொறுத்துக்கொள்வேன். உப்பு இல்லை அம்சம். கஞ்சியிலும் இல்லை, குழம்பிலும் இல்லை. மண்ணைக் கரைத்துக் குடிக்கிற மாதிரி இருக்கிறது.

நம் குடியிருப்பு மனை விசாரணைக்கு எப்போது நாள் போட்டிருக்கிறார்கள் என்று விவசாயச் சங்கத்து நடராசனைக் கேட்டு எழுதச் சொல்.

ரெத்தினம்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

*

மாத்தூர்க் கட்டளை, வலங்கைமான் வழி
ஆடி 4

காளியம்மாள் அப்பாவுக்கு அம்சம் சொல்லி, சங்கத்து நடராசன் தம்பி எழுதுவது.

உங்கள் கடுதாசியை நடராசன் தம்பி மூன்று தரம் படித்தார். நான்காவது தரம் நான் மனப்பாடமாகச் சொன்னேன். அந்தச் சீட்டுக்காரர் விஷயத்தை இனிமேல் எடுக்காதீர்கள். எனக்குப் பேர் தெரியாமல் இல்லை. வாய் வரவில்லை. என் ஆத்தா சொன்னதில்லை, அவள் ஆத்தா சொன்னதில்லை.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நீங்கள் இல்லாததால் தலைமடையில் தினம் சண்டை. ஆளாளுக்கு வெட்டுகிறார்கள், ஒருவனுக்கும் அடைக்கத் தெரியவில்லை. ஆடு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடாய். வீடு ஒழுகவில்லை.

விசாரணைக்கு இன்னும் நாள் வரவில்லை. அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் நினைக்க வேண்டாம்.

இனிமேல் எழுதுவது உங்களுக்கு மட்டும். நர்சம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அதிராம்பட்டினத்திலிருந்து காளியம்மாள் வாளைக் கருவாடு கொடுத்தனுப்பியிருந்தாள். உப்பில்லாமல் நீங்கள் தவிப்பதைக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்துத் துண்டு வறுத்து ஓலைப்பெட்டியில் வைத்து, நேற்று சாமிதுரையிடம் அனுப்பியிருக்கிறேன். கஞ்சிக்கு ஒரு துண்டு கடித்துக்கொண்டால் போதும். பெட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். வாசனை வந்தால் பக்கத்துக் கட்டில்காரர் மேல் சொல்லிவிடுங்கள்.

அம்சம்
(ரேகை)

*

தஞ்சாவூர்
24-7-1972

அம்சத்துக்கு.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை நீயும் மறந்துவிட்டாய், நடராசனும் மறந்துவிட்டான். கடுதாசியைப் படித்தது யார் என்று நினைக்கிறாய்? நர்சம்மாதான். அதுவும் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்க. ஆடு குட்டி போட்டது வரைக்கும் எல்லாரும் சந்தோஷமாகக் கேட்டார்கள். "நர்சம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்ற இடம் வந்தது. நர்சம்மா நிறுத்தியது. என்னைப் பார்த்தது. மறுபடி கடுதாசியைப் பார்த்தது. கடைசி வரை ஒரு வார்த்தை விடாமல் படித்துவிட்டு, தலையணையைத் தூக்கியது.

பெட்டியில் இரண்டு துண்டு மீதி இருந்தது.

பக்கத்துக் கட்டில்காரர், "மூணு நாளா என்னையில்ல எல்லாரும் மோந்து பாத்தாங்க" என்றார்.

சிரிக்கிறாயா? இதற்கு மேல் சொல்வதை நர்சம்மா தன் வார்த்தையில் எழுதும் என்கிறது.

(அம்மா, இது மதுரம் எழுதுவது. மூன்று நாளில் இவருக்கு இரண்டரை கிலோ எடை ஏறிவிட்டது. என்ன காரணம் என்று தெரியாமல் டாக்டர் திகைத்துப் போனார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்தோம். மூன்று ஊசி போட்டுத்தான் திருப்பினோம். நீங்கள் ஆசையாகச் செய்ததுதான், தெரியும். இனிமேல் உப்பு வேண்டாம்.)

பயந்துவிடாதே. இப்போது இறங்கிவிட்டது. டாக்டர் திட்டவில்லை. உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் போய், அதை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்றார். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்புச் சட்டி வேர்த்துக் கிடக்குமே, அதே கதைதான் என் நெஞ்சுக்குள்ளும். நான் ஆசைப்பட்டு எழுதினேன், நீ ஆசைப்பட்டு அனுப்பினாய். தப்பில் பாதி எனக்கு.

ஆனால் இன்னொரு தப்பு முழுக்க உன்னுடையது. விசாரணைக்கு நாள் வரவில்லை என்று எழுதினாய். சாமிதுரைக்கு வாய் நிற்குமா? ஆகஸ்டு எட்டாம் தேதி தாசில்தார் நேரிலேயே வருகிறார் என்று சொல்லிவிட்டான். பண்ணைக் காரியஸ்தர் நாகேஸ்வரன் உன்னிடம் ரேகை கேட்டு வந்ததையும் சொன்னான். என்னிடம் ஏன் மறைத்தாய்? இருக்கிற மனை இருக்கிறவனுக்கே என்று மெட்ராசில் சட்டம் போட்டிருக்கிறார்கள். என் அப்பன் பண்ணையாளாகவே செத்தான், குந்தியிருந்த மண் அவனுக்குச் சொந்தமில்லை. எனக்கு அந்த நாலு சென்ட் வந்துவிடும் என்கிற நேரத்தில் நான் இங்கே புட்டியில் மூத்திரம் அளந்துகொண்டு கிடப்பேனா? ஏழாம் தேதி பஸ் ஏறுகிறேன். நர்சம்மா இதை எழுதிக்கொண்டே முறைக்கிறது. முறைக்கட்டும்.

ரெத்தினம்
(ரேகை)

*

மாத்தூர்க் கட்டளை
ஆடி 13

காளியம்மாள் அப்பாவுக்கு.

நர்சம்மா எழுதியதை நடராசன் தம்பி முதலில் மனசுக்குள் படித்துவிட்டுக் கடுதாசியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் கேட்டுக் கேட்டுத்தான் உரக்கப் படித்தார். நான் கட்டிக் கொடுத்தது சோற்றுக்கு ருசி என்று நினைத்தேன். அன்று முழுக்க அடுப்புப் பற்றவைக்கவில்லை. படிக்கப் போவது நர்சம்மா என்று உனக்காவது தோன்ற வேண்டாமா என்று தம்பியைத் திட்டினேன். அவர், "நீ சொன்ன வேகத்துக்கு எழுதவே கை ஓடல, எங்க யோசிக்கிறது" என்கிறார். அவரும் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்.

நீங்கள் வரக் கூடாது. மறைத்தது நான்தான், அதற்கு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னால் ஓடி வருவீர்கள் என்றுதான் மறைத்தேன். வருவதாகவே எழுதியிருக்கிறீர்கள். தஞ்சாவூரிலிருந்து பஸ், அப்புறம் வலங்கைமானிலிருந்து வரப்பில் நடை. நடுவில் மூச்சு முட்டினால் புட்டியும் ஊசியும் எங்கிருந்து வரும்? பட்டா கிடைத்து அதில் நான் மட்டும் குந்தியிருக்கணுமா? எனக்கு அந்த மனை உங்களோடு வேண்டும். இல்லாவிட்டால் காளியம்மாள் வீட்டுத் தாழ்வாரம் போதும்.

நாகேஸ்வரன் வந்தது நிஜம். நிழலில் நின்றுகொண்டு பேசினார். "ஆளுக்கு நெஞ்சுல தண்ணியாமே அம்சம். வயசும் ஆச்சு. நீ மக வீட்டோட போயிடு. காலி பண்றேன்னு இதுல ஒரு ரேகை வையி" என்றார். சாணி கரைத்துக்கொண்டிருந்தேன். "கையெல்லாம் சாணிங்க" என்றேன். "கழுவிட்டு வா" என்றார். "இன்னிக்குக் கழுவ மாட்டேன்" என்றேன். போய்விட்டார்.

ஆனால் அவர் வேறு ஒன்று கிளப்பிவிட்டிருக்கிறார். நம் வீடு இருக்கிற இடம் போன வருஷம் வரை பண்ணைக் களமாம். சட்டம் வருகிறது என்று தெரிந்து சங்கம்தான் அங்கே குடிசையைத் தூக்கி வைத்ததாம். அதற்கு இரண்டு சாட்சி வைத்திருக்கிறாராம். நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சட்டம் வருவதற்கு முன்னாலிருந்தே குடியிருக்கிறோம் என்று காட்ட ஏதாவது வேண்டும் என்கிறார் நடராசன் தம்பி. ஊரில் எந்த வயலுக்கு எந்த வருஷம் தண்ணீர் ஏறவில்லை என்று சொல்கிற ஆள் நீங்கள். யோசித்துச் சொல்லுங்கள். வராமல் சொல்லுங்கள்.

அம்சம்
(ரேகை)

*

தஞ்சாவூர்
2-8-1972

அம்சத்துக்கு.

இன்று பதினெட்டாம் பெருக்கு. நர்சம்மா ஆறாவது தம்ளர் தண்ணீர் கொடுத்தது, "டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று. அப்புறம் தானே போய்ச் சொல்லிவிட்டது.

உன்னிடம் மறைத்துப் பயனில்லை. நேற்று நான் நடந்து பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் வார்டை விட்டு இறங்கி வாசல் கேட்டு வரைக்கும் போய்விடலாம் என்று புறப்பட்டேன். ஒரு நாற்றங்கால் தூரம் வந்திருப்பேன். மூச்சு நின்று நின்று வந்தது. அங்கே ஒரு சிமிட்டித் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு காலத்தில் பெருவெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று உடைப்பு அடைத்த உடம்பு இது. இப்போது தரையில் நடக்கிறேன், தண்ணீர் உள்ளே நிற்கிறது. நர்சம்மா தேடி வந்தது. திட்டவில்லை. என் பக்கத்தில் அந்தத் தொட்டி விளிம்பிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தது. அது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆகையால் வரவில்லை. உனக்குத்தான் ஜெயம்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். நடராசன் ஒவ்வொரு வரியாக நிறுத்திப் படிக்கட்டும்.

நம் வீட்டு வாசப்படி என்ன மரம்? இலுப்பை. எங்கிருந்து வந்தது? தலைமதகின் பழைய பலகை அது. காளியம்மாளைப் பெற நீ உன் தாய்வீட்டுக்குப் போயிருந்த வருஷம், மரப்பலகையைக் கழற்றிவிட்டு இரும்புப் பலகை மாட்டினார்கள். கழற்றியவன் நான். பெரிய பண்ணை, இப்போதிருப்பவருடைய அப்பா, கரையில் குடை பிடித்து நின்றார். "ஐயா, இதை வாசப்படிக்கு எடுத்துக்கவா" என்று கேட்டேன். "மதகைத் தூக்கினவன்தானடா நீ, எடுத்துட்டுப் போ" என்றார். நீ பிள்ளையோடு வருவதற்குள் பதித்துவிட வேண்டும் என்று இரண்டு நாளில் பதித்தேன்.

உனக்குத் தெரியாத சங்கதி இனிமேல்தான். பண்ணைச் சாமான் எல்லாவற்றிலும் சூட்டுக்கோலால் குறி போடுவார்கள், வட்டத்துக்குள் சூலம். பலகையிலும் இருந்தது. சூலத்தின் மேல் கால் வைத்துப் போவதா என்று பயந்து, குறி இருக்கிற பக்கத்தை மண்ணைப் பார்க்கக் கவிழ்த்துப் பதித்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேலாக நீ தினம் கோலம் போடுகிற படிக்கு அடியில் பண்ணையின் முத்திரை குப்புறக் கிடக்கிறது. நான் யாரிடமும் சொன்னதில்லை. வாசல் வேம்பு அப்போது முழங்கால் உயரம். அதன் வேர் இந்நேரம் பலகையைப் பிடித்திருக்க வேண்டும்.

இரும்புப் பலகையில் ஏதோ எழுத்து வார்த்திருக்கிறது. அதில் வருஷம் இருக்கும். நடராசன் போய்ப் பார்க்கட்டும். நீங்களே முன்கூட்டிப் படியைப் பெயர்த்துவிடாதீர்கள், நீங்கள் வைத்ததாகச் சொல்லிவிடுவார்கள். தாசில்தார் கண் முன்னால் பெயர்க்க வேண்டும்.

இன்னொன்று. மனு என் பேரில் இருக்கிறது. பேர் கேட்பார்கள். இந்தத் தடவை சொல்வதற்கு நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

ரெத்தினம்
(ரேகை)

*

மாத்தூர்க் கட்டளை
ஆடி 25

காளியம்மாள் அப்பாவுக்கு.

நேற்று நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். முடிவைக் கடைசியில்தான் சொல்வேன், நர்சம்மா முன்னால் போய்ப் படிக்க வேண்டாம்.

தாசில்தார் பத்து மணிக்கு ஜீப்பில் வந்தார். கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர். நம் வேம்புக்கு அடியில் நாற்காலி போட்டார்கள். நாகேஸ்வரன் இரண்டு சாட்சியோடு நின்றார். சேரி முழுக்க வந்து நின்றது. தாசில்தார் காகிதத்தைப் பார்த்து, "மனுதாரர் எங்கே?" என்றார். நடராசன் தம்பி, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், சம்சாரம் வந்திருக்கிறது என்றார்.

"ஏம்மா, மனு போட்ட உன் புருஷன் பேர் என்ன?"

தம்பி வாயைத் திறந்தார். நாகேஸ்வரன், "சங்கத்து ஆள் ஏன் சொல்லணும்? இந்த வீட்டுக்காரின்னா அதுவே சொல்லட்டுமே" என்றார். தாசில்தாரும் தம்பியைக் கையமர்த்திவிட்டார். நாகேஸ்வரனுக்கு நம் வழக்கம் தெரியும். தெரிந்துதான் கேட்டார். முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது.

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். தர்மாம்பாள் சின்னம்மா, "காளியம்மா அப்பான்னு சொல்லுடி" என்று முதுகைக் குத்துகிறது. எனக்கு ஆஸ்பத்திரி வாசல்தான் முன்னால் வந்தது. வாயில் நுரையோடு, இருந்த ஒரே மூச்சில் நீங்களே உங்கள் பேரைச் சொன்னீர்களே, அது. எனக்கு நெஞ்சில் தண்ணீர் இல்லை, காற்று நிறைய இருந்தது. இருந்தும் அன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தேன். சொன்னேன்.

மெதுவாகச் சொல்லவில்லை. ஜீப்பு ஓட்டி வந்தவர் திரும்பிப் பார்த்தார். சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. தாசில்தாருக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது, எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அப்புறம் பயமே இல்லை. வாசப்படிக் கதையை நீங்கள் சொன்னபடி சொன்னேன். நாகேஸ்வரன் சிரித்தார். "பெயர்த்துப் பாருங்க" என்றேன். சாமிதுரை கடப்பாரை போட்டான். பலகை அசையவில்லை. ஒரு முனையை வேம்பின் வேர் கை பருமனுக்குச் சுற்றிப் பிடித்திருந்தது. தாசில்தார் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். வேரை வெட்டித்தான் புரட்டினார்கள். கரையான் பாதி தின்றிருக்கிறது. வட்டமும் சூலமும் அப்படியே இருந்தன. தம்பி, "மதகு இரும்புல 1938ன்னு வார்த்திருக்குங்க, வந்து பாருங்க" என்றார். தாசில்தார் நடந்தே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து நாகேஸ்வரனிடம், "போன வருஷம் வச்ச குடிசைக்கு இவ்வளவு பெரிய வேரா?" என்று மட்டும் கேட்டார். சாட்சி இரண்டு பேரில் ஒருத்தரை அப்புறம் காணோம்.

மனை நமக்குத்தான். பட்டா உங்கள் பேரில் வரும்.

படியைத் திரும்பப் பதித்துவிட்டார்கள். குறியைக் கீழே பார்க்கத்தான் வைக்கச் சொன்னேன்.

அம்சம்
(ரேகை)

*

தஞ்சாவூர்
14-8-1972

அம்சத்துக்கு.

நர்சம்மா முன்னால் போய்ப் படிக்கவில்லை. ஆனால் "சொன்னேன்" என்ற இடத்தில் கடுதாசியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரர்தான், "மேல படிங்க, மேல படிங்க" என்று அதட்டினார்.

எடை ஐம்பத்திரண்டில் நிற்கிறது. முதுகில் நண்டு வளைச் சத்தம் இல்லை. நேற்று வாசல் கேட்டு வரைக்கும் நடந்து, உட்காராமல் திரும்பினேன். வருகிற திங்கட்கிழமை அனுப்புகிறார்கள். ஆனால் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. களைத்த இருதயம் களைத்ததுதான், தண்ணீர் சேராமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அது எனக்குத் தெரிந்த வேலைதான். தினம் இரண்டு மாத்திரை, ஒரு வாழைப்பழம். மாத்திரை தண்ணீரோடு உடம்புச் சத்தையும் கொண்டுபோகிறதாம், அதற்குப் பழம். உப்பு கிடையாது, கருவாடு கிடையாது. கால் வீங்கினாலோ படுக்க முடியாமல் போனாலோ அன்றே புறப்பட்டு வர வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். தாசில்தார் கேட்டார், நாகேஸ்வரன் கேட்டார், ஜீப்பு ஓட்டினவர் கூடக் கேட்டார். யாருடைய பேரோ அவன் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும்.

ரெத்தினம்
(ரேகை)

*

மாத்தூர்க் கட்டளை
ஆவணி 1

காளியம்மாள் அப்பாவுக்கு.

திங்கட்கிழமை சாமிதுரை வண்டியோடு வலங்கைமானில் நிற்பான். நடக்கக் கூடாது.

உப்புச் சட்டியைத் தர்மாம்பாள் சின்னம்மா வீட்டில் கொடுத்துவிட்டேன். ஒரு வாரமாக நானும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறேன். முதல் மூன்று நாள் அழுகை வந்தது. இப்போது எலுமிச்சம்பழம் பிழிந்து, சீரகம் வறுத்துப் போட்டால் இறங்குகிறது. நீங்கள் சொன்ன மண் ருசி சரிதான். இரண்டு பேருமாகத் தின்போம். நெல் மூட்டை வேண்டாம், சாய்ந்து படுக்க இரண்டு இலவம்பஞ்சுத் தலையணை தைத்திருக்கிறேன். நம் நாலு சென்டில் ஒரு வாழைக்கன்றும் வைத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: மாட்டேன். வீட்டில் சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொன்னதற்கே சின்னம்மா இன்னும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

ஆனால் ஒன்று. எப்போதும் கடுதாசியை எழுதி முடித்ததும், மேல்விலாசத்தை நடராசன் தம்பி தானே எழுதிக்கொள்வார். இன்று பேனாவை எடுத்தார். "நில்லு தம்பி, நான் சொல்றேன், எழுது" என்றேன்.

கவரைத் திருப்பிப் பாருங்கள். முதல் வார்த்தை எது என்று நர்சம்மா விரல் வைத்துக் காட்டும். அது என் வாயிலிருந்து வந்தது.

அம்சம்
(ரேகை)